திரவ சேய்மைநிலை உந்துபொறி

திரவ சேய்மைநிலை உந்துபொறி (சுருக்கமாக 'லாம்') என்பது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) தனது செயற்கைக்கோள்களிலும் விண்கலங்களிலும் பயன்படுத்தும் திரவ எரிபொருள் ஏவூர்திப் பொறி ஆகும். இதன் உந்துவிசை 440 நியூட்டன். புவியில் ஏறத்தாழ 45 கிலோகிராம் நிறையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய விசைக்கு இது சமமாகும். ஏவூர்தி, செயற்கைக்கோளை விட்டுச்செல்லும் நீள்வட்டப் பாதையில் புவியிலிருந்து மிகத் தொலைவிலுள்ள புள்ளி சேய்மைநிலை எனப்படும். அப்புள்ளியில் இப்பொறியை இயக்கிப் பாதை உயர்த்தப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இன்சாட்-2 வரிசைச் செயற்கைக்கோள்கள், சந்திரயான்-1, மங்கள்யான் ஆகியவற்றில் இது பயன்பட்டது.

அமைப்பு

ஏவூர்திகளில் பயன்படும் விகாஸ் பொறி ஏறத்தாழ 8 லட்சம் நியூட்டன் உந்துவிசை தருவது. அதற்கு உந்துபொருளைச் செலுத்தச் சுழலி எக்கி தேவை. லாம் பொறியில் எக்கி இல்லை. உயரழுத்த ஹீலியம் வாயு கலன்களிலுள்ள திரவங்களை அழுத்தி எரியறைக்கு அனுப்புகிறது. மோனோமெத்தில் ஹைட்ரசீன் எரிபொருளாகவும், நைட்ரஜன் டெட்ராக்சைடை முதன்மையாகக் கொண்ட கலவை ஆக்சிசனேற்றியாகவும் பயன்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டவுடன் தாமே தீப்பற்றும். எனவே பற்றவைக்கும் கருவி தேவையில்லை. வால்வுகள் திறந்தால் பொறி எரியும், மூடினால் அணையும். இதனால் ஒரே பொறியைப் பலமுறை இயக்க இயலுகிறது. அதே காரணத்தால் பொறியின் நம்பகத்தன்மை பெரிதும் வால்வுகளைச் சார்ந்துள்ளது.

இத்தகைய பொறிகள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ உந்தும வளாகத்தில், விண்வெளியை ஒத்த வெற்றிட நிலையில் எரித்துச் சோதிக்கப்படுகின்றன.

திசைக் கட்டுப்பாடு

பொறியின் விசை, கலத்தின் நிறை மையம் வழியாக மிகத் துல்லியமாகச் செல்வதில்லை. உந்துபொருள் குறையக் குறைய நிறை மையமும் இடம் மாறும். இதனால் கலம் திரும்ப முற்படும். சுழல்நோக்கிகள் இத்திருப்பத்தை உணர்த்த, கலத்தின் கணினி சிறு உந்துபொறிகளின் வால்வுகளைக் குறுகிய நேரத்துடிப்புகளாகத் திறந்து மூடி அதனைச் சரிசெய்கிறது. மங்கள்யானில் இவ்வகையில் 22 நியூட்டன் விசையுள்ள எட்டுப் பொறிகள் இருந்தன. முடுக்கமானிகள் வேக மாற்றத்தை அளக்கின்றன. வேண்டிய அளவை எட்டியதும் முதன்மைப் பொறி நிறுத்தப்படுகிறது.

மங்கள்யானில் பயன்பாடு

மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நவம்பர் 11 அன்று நடந்த நான்காவது பாதை உயர்த்தலின்போது, வால்வின் முதன்மைக் கம்பிச்சுருளுக்கும் மாற்றுக் கம்பிச்சுருளுக்கும் சோதனை முறையில் ஒரே நேரத்தில் மின்சாரம் செலுத்தப்பட்டது. உடனே பொறிக்கு உந்துபொருள் செல்வது நின்றது. வினாடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டிய இடத்தில் 35 மீட்டர் மட்டுமே கூடியது. சேய்மைநிலை சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்டாமல் 78,276 கிலோமீட்டரில் நின்றது. மறுநாள் மேற்கொண்ட கூடுதல் இயக்கம் அதனை 1,18,642 கிலோமீட்டராக உயர்த்தியது. இரு கம்பிச்சுருள்களையும் தனித்தனியே பயன்படுத்தலாம், சேர்த்துப் பயன்படுத்தலாகாது என்பது இதனால் தெரியவந்தது.

டிசம்பர் 1 அன்று கலம் செவ்வாயை நோக்கிச் செலுத்தப்பட்டது. அதன்பின் பொறி சுமார் 300 நாட்கள் இயக்கப்படவில்லை. அரிக்கும் தன்மையுள்ள உந்துபொருள் அக்காலத்தில் வால்வுகளைப் பழுதாக்கக்கூடும் என்பதால், மீண்டும் இயக்குவதற்கென உந்துபொருள் செல்லத் தனி இணைவழி அமைக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று பொறி சுமார் 4 வினாடிகள் வெற்றிகரமாக எரித்துப் பார்க்கப்பட்டது. பொறி எரியாவிடில், எட்டுச் சிறு பொறிகளை மட்டும் நீண்ட நேரம் இயக்கும் மாற்றுத் திட்டமும் இருந்தது.

செப்டம்பர் 24 காலை லாம் பொறியும் எட்டுச் சிறு பொறிகளும் 1388.67 வினாடிகள் எரிந்து, கலத்தின் வேகத்தை வினாடிக்கு 1099 மீட்டர் மாற்றின. வானொலி அலை புவியை எட்டவே சுமார் 12 நிமிடங்கள் ஆகும். ஒரு கட்டத்தில் கலம் செவ்வாயின் பின்னால் மறைந்தும் இருந்தது. ஆகவே கட்டளைகள் முன்கூட்டியே கலத்தின் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. மங்கள்யான் 2022 ஏப்ரலில் தொடர்பு இழக்கும் வரை செயற்பட்டது.

வால்வுப் பழுது

2025 சனவரி 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளில் ஆக்சிசனேற்றியை அனுமதிக்கும் வால்வுகள் திறக்கவில்லை. ஏவூர்தி தன் பணியைச் சரிவரச் செய்திருந்தும், சூரியத் தகடுகள் விரிந்து மின்சாரம் கிடைத்திருந்தும், பாதையை உயர்த்த இயலாமல் செயற்கைக்கோள் நீள்வட்டப் பாதையிலேயே நின்றது. சுற்றுப்பாதையிலுள்ள வால்வைப் பழுதுபார்க்க எவரும் செல்ல இயலாது. எனவே ஒவ்வொரு வால்வுக்கும் மாற்றுக் கம்பிச்சுருளும் மாற்று வழியும் ஏவுதலுக்கு முன்னரே அமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டியுள்ளது.