வீட்டிலேயே மாதிரி எடுத்தல்: கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையின் செலவும் பயனும்

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமியைக் கண்டறிய, பெண் தானே சிறு தூரிகையால் மாதிரி எடுத்துத் தரும் முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டுதலில் இதை ஏற்றது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் (2009) சுகாதாரப் பணியாளர் மாதிரி எடுத்த ஒரே எச்பிவி சோதனை, இப்புற்றுநோயால் நேரும் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வீட்டு முறையில் மிச்சமாவது பணியாளர் நேரமும் பெண்ணின் பயணமும்தான். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடிப் பெண்ணுக்கு மருத்துவமனைப் பயணம் என்றால் பேருந்துக் கட்டணம் போக, அன்றைய கூலியும் போகும். அரசின் செலவுக் கணக்கில் இவை ஏறுவதில்லை. ஆய்வகச் செலவோ வீட்டு முறையிலும் குறைவதில்லை. கிருமி உள்ளவர்கள் தொடர்சிகிச்சைக்கு வராவிட்டால் மிச்சம் பிடித்தது அத்தனையும் வீண்.