நல்லெண்ணெய் குடித்த பிள்ளைகள்

பிள்ளை சாமத்தியப்பட்டால் எங்கட வீடுகளில் முதலில் தேடுறது நல்லெண்ணெய்ப் போத்தலைத்தான். முட்டையோட நல்லெண்ணெய், உளுத்தங்களிக்குள்ள நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலம் எண்டு அம்மம்மாமார் சொல்லுவினம். இந்த வழக்கத்துக்குள்ளால ஒரு நஞ்சு வந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கால்களை விழுத்திய கதை எங்களில் கனபேருக்குத் தெரியாது.

1977, 1978 எண்டால் எங்களுக்கு ஞாபகம் வாறது தேர்தல், ஆகஸ்ட் கலவரம், திறந்த பொருளாதாரம். அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது. பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள் சிலருக்குக் கால்கள் திடீரெண்டு பலமிழந்தன. பாதத்தைத் தூக்க முடியவில்லை. பாதிக்கப்பட்டது பெண் பிள்ளைகள் மட்டும்தான். அப்படியெண்டால் அவர்கள் மட்டும் சாப்பிட்ட ஒண்டு இருக்க வேணும். மருத்துவர்கள் நிமால் சேனாநாயக்கவும் ஜே. ஜெயரட்ணமும் அந்த வழியே போய் நல்லெண்ணெயில் வந்து நிண்டார்கள். எண்ணெய்க்குள் ட்ரை கிரெசில் பொஸ்பேற் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டு வந்ததால் அது கலந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. 1981 இல் 'லான்செற்' மருத்துவ இதழில் இது வெளியானது.

இந்த நஞ்சின் குணம் பொல்லாதது. குடித்த உடனே நரம்பில் ஒண்டும் தெரியாது. ஒண்டு தொடக்கம் மூண்டு கிழமை கழித்துத்தான் கால் விழும். அதுக்குள்ள எண்ணெயை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நீளமான நரம்புகளின் நுனிதான் முதலில் அழியும், அதனால் முதலில் பாதம், பிறகு கை. போலியோ எண்டோ வேறு வாதம் எண்டோ பிழையாக நினைக்கவும் இடமிருக்கு.

இலங்கைக்கு முன்பே இதே நஞ்சு வேறு இடங்களில் தன் வேலையைக் காட்டியிருந்தது. 1930 இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மருந்து என்ற பெயரில் விற்ற இஞ்சிச் சாற்றில் மதுசாரம் நிறைய இருந்ததால் ஏழைகள் அதை வாங்கிக் குடித்தார்கள். அரசாங்கப் பரிசோதனையை ஏமாற்றுவதற்காக பொஸ்டன் வியாபாரிகள் இருவர் இந்த இரசாயனத்தை அதில் கலந்தார்கள். பல்லாயிரம் பேர் நடை இழந்தார்கள். ஆனால் அவர்கள் 'குடிகாரர்'. பாதத்தை அடித்து அடித்து நடக்கும் அந்த நடைக்கு ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்தது, புளூஸ் பாடகர்கள் பாட்டும் கட்டினார்கள். வெட்கத்தில் கனபேர் தங்கட வருத்தத்தை மறைத்தார்கள். வெட்கப்படுகிறவன் கிளினிக்குக்குத் திரும்பிப் போகமாட்டான்.

1959 இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் விழுந்தார்கள். விமான இயந்திரங்களுக்குப் போடும் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து வியாபாரிகள் விற்றிருந்தார்கள். ஆனால் இங்கே அடுத்து நடந்தது வேறு. மொரோக்கோ அரசு உதவி கேட்டது. செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள், தாதியர், இயன்மருத்துவர்களை அனுப்பியது. கனடாவின் மறுவாழ்வு மருத்துவர் குஸ்தாவ் ஜாங்ராவும் போனார். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. செய்யக்கூடியது பயிற்சிதான்: தசை சுருங்காமல் இழுத்துவிடுவது, கணுக்காலுக்குத் தாங்கி போடுவது, திரும்ப நடக்கப் பழக்குவது. 1960 இல் தொடங்கி 1961 வரை அந்த வேலை நடந்தது. எல்லாரும் முழுசாகச் சுகமாகவில்லை, ஆனால் கனபேர் நடந்து வீடு போனார்கள்.

எங்கட நாட்டுக்கு வருவம். இங்கே பெரிய நோயாளர் கூட்டமும் இல்லை, வெளிநாட்டுக் குழுக்களும் இல்லை. ஆனால் சேனாநாயக்க ஒரு முக்கியமான வேலை செய்தார். பிள்ளைகளை மூண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார். அப்படிப் பார்த்தபடியால்தான் இந்த நோயின் இரண்டாவது முகம் தெரிந்தது. கை கால் நரம்புகள் மெல்ல மெல்லத் திரும்ப வளரக்கூடியவை, அதனால் பலம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். முண்ணாணுக்குள் இருக்கிற பாதைகள் அப்படி வளராது. வெளி நரம்பு தேறத் தேற, உள்ளே மறைந்திருந்த சேதம் விறைப்பாக வெளியே வரும். முதலில் துவண்டு கிடந்த கால் பிறகு இறுகும்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்திருக்கு. 1930 இல் பாதிக்கப்பட்டவர்களில் உயிரோடு இருந்த சிலரை 47 வருஷம் கழித்துச் சோதித்தபோது மிஞ்சியிருந்தது அந்த விறைப்புத்தான். அந்த ஆய்வு வெளியானது 1978 இல், எங்கட பிள்ளைகள் விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்.

அரிய நரம்பு நோய்க்குச் சரியான மறுவாழ்வுப் பராமரிப்பு எது எண்டு கேட்டால் இந்த வரலாறு ஒரு பதில் சொல்லுது. நோய் மாறும், பராமரிப்பும் கூடவே மாற வேணும். துவண்ட காலுக்குக் குடுத்த பயிற்சியும் தாங்கியும் இறுகின காலுக்குப் போதாது. முதல் ஆறு மாதத்தில் 'இனி வரத் தேவையில்லை' எண்டு கிளினிக் கொப்பியை மூடினால், இரண்டாவது நோயோட அந்த ஆள் தனிய நிற்பார். றாகமை மறுவாழ்வு வைத்தியசாலை மாதிரி ஒரு இடத்துக்கு ஒருக்கால் போய் வருவது தொடக்கம் மட்டும்தான். தூர இடத்து ஆக்களுக்கு பஸ் காசு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம், தன் மொழியில் விளங்கப்படுத்த ஒரு ஆள், இதுகளும் சிகிச்சைதான். மெக்னெஸில் நோயாளர் இருந்த இடத்துக்கே சிகிச்சை போனது. அதுதான் அங்கே பெரிய வித்தியாசம்.

வெட்கமும் இதில் ஒரு ஆள். அமெரிக்கர்களைக் 'குடிகாரர்' என்ற பெயர் மறைத்தது. எங்கட பக்கம், சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் கால் ஏலாது எண்டால் வீடு என்ன செய்யும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கலியாணப் பேச்சு வரும்வரைக்கும் ஒளிச்சு வைக்கிற வீடுகள் இண்டைக்கும் இருக்கு. ஒளிச்சு வைச்ச பிள்ளைக்கு எந்த இயன்மருத்துவரும் நடை பழக்க ஏலாது.

அந்தப் பிள்ளைகள் இப்ப அறுபது வயதை அண்டியிருப்பினம். மருத்துவ இதழில் அவர்களின் நரம்பு எவ்வளவு வேகத்தில் வேலை செய்தது எண்ட அளவு இருக்கு. மூண்டாவது வருஷத்துக்குப் பிறகு எப்படி நடந்தார்கள், ஆர் கைபிடித்தது, எந்த வேலைக்குப் போனார்கள் எண்டதை அவர்கள்தான் சொல்ல வேணும். வாய்மொழி வரலாறு படிக்கிற நாங்கள் போரைப் பற்றிக் கேட்கிறம், இடப்பெயர்வைப் பற்றிக் கேட்கிறம். அந்தப் பெண்களிடமும் போய்க் கேட்க இன்னும் காலம் இருக்கு, ஆனால் கனகாலம் இல்லை.