நல்லகுண்டாவில் எழுந்த சினம்

ஐதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள் நல்லகுண்டா வழியே பலமுறை சென்றிருப்பீர்கள். 1978 மார்ச்சில் அங்குள்ள காவல் நிலையத்தில் ஒரு பெண் வன்கொடுமைக்கு உள்ளானாள். ரிக்‌ஷாத் தொழிலாளியான அவள் கணவர் அடியுண்டு மாண்டார். மக்கள் கொதித்தெழுந்தனர், துப்பாக்கிச் சூடும் ஊரடங்கும் தொடர்ந்தன. நீதிபதி முக்தாதர் ஆணையம் காவலர்களைக் குற்றவாளிகளெனக் கண்டது. ஆயினும், ராய்ச்சூருக்கு மாற்றப்பட்ட வழக்கில் 1981-இல் அவர்கள் விடுதலையாயினர்.

மராட்டியத்தில் நிகழ்ந்த அதுபோன்ற வழக்கிலும் உச்ச நீதிமன்றம் காவலரை விடுவித்திருந்தது. நாடெங்கும் சினம் மூண்டது. அதுவரை இக்குற்றத்திற்குக் குறைந்த அளவுத் தண்டனை என்று ஒன்றில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் 7 ஆண்டும், காவலில் இழைத்தால் 10 ஆண்டும் குறைந்த அளவுச் சிறையென விதித்தது. நல்லகுண்டாப் பெண்ணுக்கு அது நீதி தரவில்லை, பின்வந்தோர்க்கே அரணாயிற்று.