கண்காட்சி கடல் கடந்த கதை

பழைய படமொன்றைத் தொட்டால் பெரிதாகிறது. கீழே நாலு வரியில் அதன் கதை. பக்கத்தில் அடுத்த படத்துக்கு ஓர் அம்புக்குறி. இணையக் கண்காட்சியைக் கைபேசி வைத்திருக்கும் எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம். அதன் பூர்வீகத்தைத் தேடிப்போனால் ஒரு திமிங்கிலத்தின் பல்லில் போய் நிற்போம்.

17ஆம் நூற்றாண்டுக் கொப்பன்ஹேகனில் ஓலே வோர்ம் என்றொரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். ஆமை ஓடு, ஈட்டி, கல், மீன் என்று ஓர் அறையையே நிரப்பி, அவற்றைக் காட்டி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு என்று வணிகர்கள் பெருவிலைக்கு விற்ற பொருள், உண்மையில் வடகடல் நார்வால் திமிங்கிலத்தின் பல் என்பதை 1638இல் மண்டையோட்டோடு எடுத்துக்காட்டினார். கொள்ளைநோய்க் காலத்திலும் நோயாளிகளை விட்டு நகராமல் 1654இல் இறந்துபோனார். மறு ஆண்டு அவர் சேகரிப்பின் பட்டியல் நூலாக வெளிவந்தது. அதில் அந்த அறை முழுவதையும் காட்டும் ஒரு செதுக்கோவியமும் இருந்தது. அந்த ஊருக்கே போகாதவர்களும் வீட்டிலிருந்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

அதே கொப்பன்ஹேகனுக்கு நம் இலங்கையின் செடிகளும் போய்ச் சேர்ந்தன, அதுவும் தற்செயலாக. 1672 முதல் 1677 வரை ஒல்லாந்துக் கம்பனியின் மருத்துவராக இங்கிருந்த போல் ஹெர்மன், செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டித் தொகுத்தார். அவர் இறந்தபின் அந்தத் தொகுதிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. 1744இல் அவை கொப்பன்ஹேகனில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் இருந்தன. அவர் அவற்றைச் சுவீடனிலிருந்த தாவரவியலாளர் லின்னேயஸுக்கு அனுப்பிவைக்க, 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய லின்னேயஸின் நூல் பிறந்தது. கைமாறிக் கைமாறி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்த ஐந்து தொகுதிகளையும் இன்று இணையத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகங்களின் காலம். கொழும்புக்கு 1877இல் ஒன்று வந்தது. அக்காலத்து அமெரிக்க அருங்காட்சியக அறிஞரான ஜோர்ஜ் பிரவுன் கூட் சொன்ன கருத்து ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கற்பிக்கும் அருங்காட்சியகத்துக்கு உயிர் அதன் விளக்கக் குறிப்புகள், பொருள்கள் அவற்றுக்குச் சான்றுகள். இதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இணையத்துக்குள் இந்த வழக்கம் நுழைந்தது 1992இல். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சோவியத் ஆவணங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவற்றின் படங்களைக் கணினிக் கோப்புகளாகவும் வெளியிட்டது. ஃபிரான்ஸ் வான் ஹூசல் என்பவர் அவற்றை எடுத்து வலைப்பக்கங்களாகக் கோத்தார். 1994இல் பாரிஸில் நிக்கோலா பியோக் என்ற இளைஞர் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ஓவியத் தளம் ஒன்றைத் தொடங்கினார். உண்மையான லூவ்ர் ஆட்சேபித்தது. பெயரை மாற்றிக்கொண்டார், தளம் தொடர்ந்தது. பெரிய நிறுவனங்கள் சோம்பியிருந்த நேரத்தில் இப்படிப்பட்ட தனிமனிதர்கள்தான் இந்தக் கலையை வளர்த்தார்கள்.

இந்தக் கலையின் அடுத்த படி இழப்பிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தை அடித்துச்சென்றது. வீடுகளோடு கலியாணப் படங்களும் காணி உறுதிகளும் போயின. மறு ஆண்டு காத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தது. அங்கே மக்களின் படங்களையும் நினைவுகளையும் சேர்க்க ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையமும் உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் ஓர் இணைய வங்கி அமைத்தன. அந்த அனுபவத்திலிருந்து அதே மையம் 2008இல் ‘ஒமேக்கா’ என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. நிரல் எழுதத் தெரியாத மாணவரும் பத்துப் பொருள்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆக்கியோர், திகதி, உரிமை என்று மீதரவு எழுதி, கண்காட்சியாக அடுக்கலாம். உலகெங்கும் பல பல்கலைக்கழகங்களில் பரீட்சைக் கட்டுரைக்குப் பதிலாக இப்போது இதைச் செய்யச் சொல்கிறார்கள்.

2005ஆம் ஆண்டிலேதான் இலங்கையிலும் ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் திட்டம் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களை எரியக் கொடுத்த சமூகம் தன் ஏடுகளைத் தானே ஸ்கேன் செய்யத் தொடங்கியது. இன்று அங்கே இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் குவித்து வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு. தேடத் தெரிந்தவருக்கு மட்டுமே குவியல் பயன்படும்.

உதாரணமாக, ஒரு கோயில் கும்பாபிஷேக மலரை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துரைகளைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போனால் உபயகாரர் பட்டியலும் கடை விளம்பரங்களும் இருக்கும். யார் எந்த ஊரிலிருந்து எவ்வளவு கொடுத்தார், அந்த வருடம் பிரதான வீதியில் எந்தெந்தப் புடவைக்கடைகள் இருந்தன, அவற்றில் இன்று எது இல்லை. இவற்றை ஒரு மாணவி பிரித்தெடுத்து நாலு வரி எழுதினால் அந்த மலர் ஓர் ஊரின் பொருளாதார வரலாறாகிவிடும்.

திருகோணமலையின் சான்றுகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இணைக் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்னமும் நிற்கிறது. இடித்தவர்கள் எழுதிய குறிப்புகள் போர்த்துக்கல் ஆவணங்களில் இருக்கின்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடிக் கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள். கல் இங்கே, காகிதம் அங்கே, தூண் கடலடியில். மூன்றையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இணையக் கண்காட்சி ஒன்றாலேயே முடியும்.

அதைச் செய்யத் தகுந்தவர்கள் இந்தக் கரையின் பிள்ளைகள். இங்குள்ள சல்லி ஊரின் முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்கு அச்சிட்ட ஒரு பழைய நோட்டீசின் படத்தில் இருப்பவர் யாரென்று லிஸ்பனில் இருக்கும் நூலகருக்குத் தெரியாது. சல்லிப் பாட்டிக்குத் தெரியும். கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்து விரிவுரையாளர்களுக்கும் ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தவணையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆவணத்தைக் கொடுங்கள். படத்திலிருப்போரிடமும் உடையோரிடமும் அனுமதி கேட்கப் பழக்குங்கள். பாட்டி சொன்னதைப் பாட்டி பெயரோடு குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பாட்டி இருக்கும்போதே தொடங்குங்கள்.