ஒரே ஒரு புள்ளியில் தீர்மானமான பட்டம்: 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி வாகை சூடியது எப்படி?

இந்திய தேசிய கால்பந்து லீக் வரலாற்றில் தமிழகத்தைச் சேர்ந்த ஓர் அணி ஒரே ஒரு முறைதான் வாகை சூடியுள்ளது. 2018-19 ஐ-லீக் தொடரில் சென்னை சிட்டி எஃப்.சி. அணி 43 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி 42 புள்ளிகளுடன் இரண்டாவது இடத்தைப் பிடித்தது. கடைசி நாள் வரை முடிவு தெரியாத அந்தப் போட்டியில் ஒரு புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது, பட்டம் வென்ற அணி பின்னர் என்ன ஆனது என்பதை விளக்குகிறது இத்தொகுப்பு.

தொடரின் அமைப்பு

தேசிய கால்பந்து லீக் 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2007-08 முதல் அது ஐ-லீக் என்ற பெயரில் நடைபெறத் தொடங்கியது. 2018-19 சீசனில் 11 அணிகள் பங்கேற்றன. ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒரு முறையும், எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் என மொத்தம் 20 ஆட்டங்களில் விளையாடியது. வெற்றிக்கு 3 புள்ளிகள், டிராவுக்கு 1 புள்ளி. இறுதி ஆட்டம் என்று தனியாக எதுவும் கிடையாது. இரு அணிகள் சம புள்ளிகளுடன் முடித்தால், அவை நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் முடிவே முதலில் கணக்கில் கொள்ளப்படும்.

சென்னை சிட்டி 2016-17 சீசனில்தான் ஐ-லீக்கில் அறிமுகமானது. முதல் இரு சீசன்களிலும் புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடித்தது. இரண்டாவது சீசனிலிருந்து கோவை நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு விளையாடத் தொடங்கியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகிய வெளிநாட்டு வீரர்களுடன், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் உள்ளிட்ட தமிழக வீரர்களும் அணியில் இடம்பெற்றனர்.

மறுபுறம், ஈஸ்ட் பெங்கால் அணி தேசிய லீக் பட்டத்தைக் கடைசியாக வென்றது 2003-04 சீசனில். ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ மெனண்டஸ் பயிற்சியில் களமிறங்கிய அந்த அணி, 15 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைக்கும் முனைப்பில் இருந்தது.

கடைசி நாளின் கணக்கு

தலா 19 ஆட்டங்கள் முடிந்த நிலையில் சென்னை சிட்டி 40 புள்ளிகளும், ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. 19-ஆவது ஆட்டத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் 2-3 என்ற கோல் கணக்கில் சென்னை சிட்டி தோற்றதால், பட்டம் யாருக்கு என்பது கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது.

2019 மார்ச் 9-ஆம் தேதி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கோவையில் சென்னை சிட்டி, நடப்புச் சாம்பியனான மினர்வா பஞ்சாப் அணியை எதிர்கொண்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளா அணியுடன் மோதியது.

ஆட்டம் தொடங்கிய 3-ஆவது நிமிடத்திலேயே மினர்வா முன்னிலை பெற்றது. இடைவேளையின்போது சென்னை சிட்டி 0-1 எனப் பின்தங்கியிருந்தது. கோழிக்கோட்டில் முதல் பாதியில் கோல் விழவில்லை. ஆட்டங்கள் அப்படியே முடிந்திருந்தால் இரு அணிகளும் தலா 40 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றிருக்கும். அந்த நிலையிலும் நேருக்கு நேர் விதியின்படி பட்டம் கோவைக்கே வந்திருக்கும்.

56-ஆவது நிமிடத்தில் கிடைத்த பெனால்டி வாய்ப்பை மான்சி கோலாக்கினார். 69-ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா அடித்த கோல் சென்னை சிட்டிக்கு 2-1 என முன்னிலை தந்தது. கோழிக்கோட்டில் முதலில் கோல் வாங்கிய ஈஸ்ட் பெங்கால், ஆட்டத்தின் பிற்பகுதியில் இரு கோல்கள் அடித்து 2-1 என வென்றது. அந்த வெற்றியால் கோவையில் நெருக்கடி கூடியது. மினர்வா இன்னொரு கோல் அடித்து ஆட்டம் டிராவானால், சென்னை சிட்டி 41, ஈஸ்ட் பெங்கால் 42 என நிலை தலைகீழாகிவிடும். கூடுதல் நேரத்தின் 3-ஆவது நிமிடத்தில் போரா தமது இரண்டாவது கோலை அடித்த பின்னரே அந்த அச்சம் நீங்கியது. ஆட்டம் 3-1 என முடிந்தது.

ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது?

இரு அணிகளும் தலா 13 ஆட்டங்களில் வென்றன. சென்னை சிட்டி 4 டிரா, 3 தோல்வி; ஈஸ்ட் பெங்கால் 3 டிரா, 4 தோல்வி. ஓர் ஆட்டத்தில் தோற்பதற்குப் பதிலாக டிரா செய்ததே வித்தியாசம் என்று பட்டியல் காட்டுகிறது. ஆனால், உண்மையான காரணம் இரு அணிகளும் நேரடியாக மோதிய ஆட்டங்களில் இருக்கிறது.

2018 நவம்பரில் கொல்கத்தாவிலும், 2019 ஜனவரியில் கோவையிலும் சென்னை சிட்டி 2-1 என்ற அதே கோல் கணக்கில் ஈஸ்ட் பெங்காலை வீழ்த்தியது. அந்த இரு ஆட்டங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சிய 18 ஆட்டங்களில் ஈஸ்ட் பெங்கால் பெற்றவை 42 புள்ளிகள். சென்னை சிட்டி பெற்றவை 37 மட்டுமே. மற்ற ஒன்பது அணிகளுக்கு எதிராகக் கொல்கத்தா அணியே சிறப்பாக விளையாடியது. நேரடி மோதல்களில் ஒன்று மட்டும் டிராவாகியிருந்தால்கூட ஈஸ்ட் பெங்கால் 43, சென்னை சிட்டி 41 என்று பட்டம் இடம் மாறியிருக்கும்.

கோல் கணக்கும் இரு அணிகளின் மாறுபட்ட பாணியைக் காட்டுகிறது. ஈஸ்ட் பெங்கால் 37 கோல்கள் அடித்து 20 கோல்களை மட்டுமே வாங்கியது. சென்னை சிட்டி 28 கோல்களை வாங்கினாலும் 48 கோல்களை அடித்தது. அவற்றில் 21 கோல்கள் மான்சியுடையவை. சர்ச்சில் பிரதர்ஸ் வீரர் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையில் கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் அவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

கடைசி நாளில் முடிவான பிற சீசன்கள்

2014-15 சீசனின் கடைசி ஆட்டத்தில், பட்டத்துக்குப் போட்டியிட்ட இரு அணிகளே பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நேருக்கு நேர் மோதின. பெங்களூரு எஃப்.சி. 1-0 என முன்னிலையில் இருந்தபோது, 87-ஆவது நிமிடத்தில் பெல்லோ ரசாக் அடித்த கோலால் ஆட்டம் டிராவில் முடிந்து பட்டம் மோகன் பகானுக்குச் சென்றது. 2016-17 சீசனில் மிசோரமின் அய்சால் எஃப்.சி. 37 புள்ளிகளுடன் மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தியது. 2017-18 சீசனில் நான்கு அணிகளுக்குக் கடைசி நாள் வரை பட்ட வாய்ப்பு இருந்தது. மினர்வா பஞ்சாப் வென்றது. ஆக, 2019-இல் கோவையில் நடந்தது தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கடைசி நாளில் முடிவான பட்டப் போட்டியாகும்.

பட்டத்துக்குப் பின்

2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். பட்டத்தைச் சென்னையின் எஃப்.சி. வென்றது. 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி கைப்பற்றியது. அதே ஆண்டு மே மாதத்தில் மகளிர் லீக் பட்டத்தைச் சேது எஃப்.சி. வென்றது. தமிழகக் கால்பந்துக்கு அது ஒரு பொற்காலமாகத் தோன்றியது.

ஆனால், 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒப்புதல் அளித்த திட்டப்படி ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். தொடருக்கான பதவி உயர்வு 2022-23 சீசனிலிருந்தே என முடிவானது. 2019-இல் வென்ற அணிக்கு அந்த வழி இல்லை. ஐ-லீக் பட்டத்தின் மூலம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுக்குச் சென்ற கடைசி அணி சென்னை சிட்டிதான். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்று அது வெளியேறியது.

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்குகளை வாங்கியிருந்தபோதும் சரிவு நிற்கவில்லை. மான்சி ஜப்பானிய கிளப்புக்குச் சென்றார். கிளப் உரிம நிபந்தனைகள் நிறைவேறாத நிலையில், 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இடம்பெறவில்லை.

அந்தக் கடைசி நாளில் தோற்றவர்களின் பாதை வேறாக அமைந்தது. ஈஸ்ட் பெங்கால் 2020-21 சீசனில் ஐ.எஸ்.எல். தொடரில் இணைந்தது. கோவையில் 3-1 எனத் தோற்ற மினர்வா, பின்னர் பெயர் மாறி 2022-23 ஐ-லீக்கை வென்று, ஐ.எஸ்.எல். தொடருக்குப் பதவி உயர்வு பெற்ற முதல் அணியானது. கோவை ரசிகர்கள் கொண்டாடிய அணி பெற முடியாத வாய்ப்பு, நான்கு ஆண்டுகள் கழித்து அந்த அணிக்குக் கிடைத்தது.