கல்லுடைத்த கை எழுதிய மடல்

யோசேப் வாஸ் அடிகளார் 1711இல் கண்டியில் கண்மூடியதுவரை சென்ற வாரம் பார்த்தோம். அவருக்கு அருளாளர் பட்டம் கிடைக்க மேலும் 284 ஆண்டுகள் ஆயின. 1995 ஜனவரி 21 அன்று, காலிமுகத்திடலில் நடந்த திருப்பலியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதை வழங்கினார். அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்தம் நிலவிய சில மாதங்களில் நடந்த வருகை அது. பௌத்தம் பற்றி அவரது நூலில் வந்த கருத்தால் மனம் நொந்த பௌத்தத் தலைவர்கள் சர்வமதச் சந்திப்புக்கு வரவில்லை.

நம்மவர்கள் பேசுவதெல்லாம் அந்தத் திருப்பலியைப் பற்றித்தான். கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டத்து மக்கள் அந்தப் பாப்பரசரை உரிமையோடு கொண்டாட அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது.

போலந்தில் 1920இல் கரோல் வொய்த்திவாவாகப் பிறந்த அவர், ஜெர்மானியர் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டதால் 1940இல் கிராக்கோவ் அருகே கல்குவாரியில் கூலி வேலைக்குப் போனார். வெடி வைத்தபோது தெறித்த கல் பட்டு உடன் வேலை செய்தவர் ஒருவர் செத்து விழுந்ததைக் கண்ணால் கண்டார். பின்பு இரசாயன ஆலையில், தோளில் காவடி போல் கட்டையை வைத்து, இரு பக்கமும் சுண்ணாம்பு வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தார். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமக்கும் நம் பெண்களுக்கு அந்தப் பாரம் எப்படியிருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

1978இல் பாப்பரசரானவர், உழைப்பைப் பற்றிய சுற்றுமடலை 1981 மே 15இல் வெளியிட இருந்தார். இரண்டு நாள் முன்னதாகச் சுடப்பட்டார். உயிர் பிழைத்து, மடலைத் திரும்பப் பார்த்து, செப்டெம்பர் 14இல் வெளியிட்டார். மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்றது மடல். உழைப்பதற்காக நாடு விட்டு வந்தவரை உரிமையில் தாழ்த்தக் கூடாது என்றது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாமல் பிறர் நிலத்தில் பாடுபடுவோரைப் பற்றியும் பேசியது.

அந்த 1981இல் மலையகம் எப்படி இருந்தது? தோட்டங்கள் அரசுடைமையாகி ஆறு ஆண்டுகள் கழிந்தும், லயக் காம்பராக்களில் நாடற்றவர்கள் இருந்தார்கள். கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். சம சம்பளம் வந்தது 1984இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.

மடல் எழுதிய பாப்பரசர் 2014 ஏப்ரல் 27இல் புனிதரானார். 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற திட்டம் மலையகத்துக்கு வந்தது அதற்கும் பிறகுதான். லயத்தில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் காணி இன்னும் வந்து சேரவில்லை.

(தொடரும்)