டாரட் சீட்டு இனங்கள்

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றில் 21 துருப்புச் சீட்டுகள். 'முட்டாள்' எனப்படும் சீட்டு ஒன்று எதிலும் சேராமல் தனித்து நிற்கும். எஞ்சிய 56 சீட்டுகள் கோல், கிண்ணம், வாள், நாணயம் என நான்கு இனங்களாகப் பிரியும். ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகளும் ஏவலன், குதிரை வீரன், ராணி, ராஜா என நான்கு அரசவைச் சீட்டுகளும் இருக்கும். குறி சொல்வோர் கோலை நெருப்பாகவும், கிண்ணத்தை நீராகவும், வாளைக் காற்றாகவும், நாணயத்தை நிலமாகவும் கொள்வர். நாம் ரம்மி ஆடும் 52 சீட்டுக் கட்டில் இவற்றுக்கு இணையாகச் சொல்லப்படுபவை முறையே கிளாவர், ஹார்ட்டின், ஸ்பேட், டைமண்ட். இவற்றில் பூத இணைப்பு பிற்காலத்தது. விளையாட்டுச் சீட்டுடனான இணைப்புக்கு ஆட்ட மேசையிலேயே பழைய ஆதாரம் இருக்கிறது.

நான்கு இனங்களும் டாரட்டுக்கு முந்தியவை. எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகளில் கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை ஆகியவை இருந்தன. அத்தகைய கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1370களில் சீட்டாட்டம் ஐரோப்பாவில் பரவியது. 1377இல் ஃபுளோரன்ஸ் நகரம் அதைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தது என்பதே அது எவ்வளவு விரைவாக ஊருக்குள் புகுந்தது என்பதைக் காட்டும். போலோ ஆட்டம் அறியாத இத்தாலியர் கையில் மட்டை வெறும் கோலாயிற்று. 1440 வாக்கில் வட இத்தாலியில் இந்த நான்கு இனங்களோடு துருப்புகளைச் சேர்த்தபோது டாரட் பிறந்தது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு அது பெரும்பாலும் ஓர் ஆட்டம் மட்டுமே. மைக்கேல் டம்மட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1980இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

1480 வாக்கில் பிரான்ஸில் இனக்குறிகள் எளிய வடிவம் பெற்றன. இதயம், சாய்சதுரம், மூவிலை, ஈட்டிமுனை ஆகிய நான்கையும் அச்சுத்தகடு வைத்து, சிவப்பு கறுப்பு என்ற இரண்டே வண்ணங்களில் மலிவாகப் பதிக்க முடிந்தது. உலகெங்கும் இன்று புழங்கும் கட்டு இதிலிருந்து வந்ததே.

இணைப்புக்கான சான்று பழைய டாரட் ஆட்ட விதியில் கிடைக்கிறது. வாளும் கோலும் நீள இனங்கள். அவற்றில் பெரிய எண்ணே வெல்லும். கிண்ணமும் நாணயமும் வட்ட இனங்கள். அவற்றில் சிறிய எண் பெரிய எண்ணை வெல்லும். ஆஸ்திரியாவில் இன்றும் ஆடப்படும் டாரக் ஆட்டத்தில் பிரெஞ்சுக் குறிகளே உள்ளன. ஆனாலும் கறுப்பு எண் சீட்டுகளில் பத்து உயர்ந்தது, சிவப்பு எண் சீட்டுகளில் ஒன்று உயர்ந்தது என்ற வேறுபாடு அப்படியே நிற்கிறது. நீள இனங்களின் இடத்தைக் கறுப்பும் வட்ட இனங்களின் இடத்தைச் சிவப்பும் பிடித்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எந்தக் கறுப்பு வாள், எந்தச் சிவப்பு கிண்ணம் என்பதைப் பெயர்களும் வடிவங்களும் சொல்லிவிடுகின்றன. ஸ்பேட் என்ற பெயரே வாளுக்கான இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. உணர்ச்சிக்குரிய கிண்ணத்துக்கு இதயமும், பணத்துக்குரிய நாணயத்துக்கு டைமண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன.

பூதங்கள் வந்த வழி வேறு. நெருப்பு, காற்று, நீர், நிலம் என்ற நான்கும் எம்பெடோக்ளிஸ் காலம் முதல் கிரேக்கச் சிந்தனையில் உண்டு. அரிஸ்டாட்டில் அவற்றுக்குக் குணம் வகுத்தார்: நெருப்பு வெம்மையும் வறட்சியும், காற்று வெம்மையும் ஈரமும், நீர் குளிர்ச்சியும் ஈரமும், நிலம் குளிர்ச்சியும் வறட்சியும் உடையவை. 1781இல் கூர் த ஜெபலன் டாரட்டைப் பண்டை எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் மறைஞான வாசிப்புக்கு அது கதவைத் திறந்துவிட்டது. 1850களில் எலிஃபாஸ் லேவி துருப்புகளை எபிரேய எழுத்துகளோடு பொருத்தினார். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழு, இன்று வழக்கிலுள்ள பூத வரிசையை நிலைப்படுத்தியது. அக்குழுவில் இருந்த ஏ. ஈ. வெய்ட் வகுத்துக் கொடுக்க, ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் வெளியான கட்டே அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

ஸ்மித்தின் ஓவியங்களைக் கூர்ந்து பார்த்தால் பூதங்கள் தெரியும். கோல் ராஜாவின் அருகே ஒரு பல்லி. நெருப்பில் வாழ்வதாக ஐரோப்பியர் நம்பிய சாலமாண்டர் அது. கிண்ண ராஜாவின் அரியணை கடல்மேல் மிதக்கிறது. வாள் இனத்தின் குதிரை வீரன் காற்றைக் கிழித்துப் பாய, பின்னால் மரங்கள் வளைகின்றன. நாணய ராஜாவைத் திராட்சைக் கொடி சூழ்ந்திருக்கிறது. அரியணையில் காளைத் தலைகள். காளை ரிஷப ராசிக்குரியது. ரிஷபம், கன்னி, மகரம் மூன்றும் நில ராசிகள் என்று நம் ஜோதிடமும் சொல்வதால் தமிழ் வாசகருக்கு இந்த இடம் எளிதில் பிடிபடும். நம் ஐம்பூதக் கணக்கில் இங்கே ஆகாயம் விடுபடுகிறது. சிலர் துருப்புகளை அந்த ஐந்தாவது பூதத்துக்கு உரியவையாக்குவர்.

பொருள் காணும் முறை சுருக்கமானது. நெருப்பு முயற்சியையும் வேட்கையையும், நீர் அன்பையும் துயரத்தையும், காற்று சிந்தனையையும் பூசலையும், நிலம் உடலையும் உழைப்பையும் காசையும் குறிக்கும். கிண்ணம் ஐந்தில் கறுப்புப் போர்வை அணிந்த ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கிண்ணங்களைப் பார்த்து நிற்கிறார். பின்னால் இரண்டு கவிழாமல் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. ஹார்ட்டின் ஐந்தில் இப்படி ஓவியம் எதுவும் கிடையாது. ஐந்து என்றால் குலைவு, ஹார்ட்டின் என்றால் உணர்வு என்று கூட்டித்தான் வாசிக்க வேண்டும். படம் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பயிற்சியே இனங்களை நன்றாகப் புரியவைக்கும்.

கோல்டன் டான் குழுவினர் பக்கத்துச் சீட்டையும் கணக்கில் எடுத்தனர். நெருப்பும் நீரும் பகை, காற்றும் நிலமும் பகை. இவை அடுத்தடுத்து விழுந்தால் இரண்டின் வலிமையும் குறையும். மற்ற இணைகள் ஒன்றுக்கொன்று துணை. ஹார்ட்டின் ஐந்தின் பக்கத்தில் கிளாவர் வந்தால் துயரமும் செயலும் ஒன்றையொன்று தடுக்கின்றன. டைமண்ட் ஆறு வந்தால் நீரும் நிலமும் சேர்கின்றன. அதற்கு இணையான நாணயம் ஆறின் ஓவியத்தில் தராசு பிடித்த வணிகர் ஏழைகளுக்குக் காசு கொடுக்கிறார். துயரப்படுபவருக்குக் கைப்பொருள் உதவி கிடைப்பதாக வாசிப்பர். சீட்டுகள் வருங்காலத்தை அறியும் என்பதற்குச் சான்று இல்லை. இது குறியீடுகளை வாசிக்கும் இலக்கணம் மட்டுமே.

இலக்கணத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. கோல்டன் டானைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மாத்தர்ஸ், 1888இல் எழுதிய சிறு நூலில் கோலுக்கு டைமண்டையும் நாணயத்துக்குக் கிளாவரையும் இணையாகத் தந்தார். வாளுக்கு நெருப்பும் கோலுக்குக் காற்றும் தருவோர் இன்றும் இருக்கிறார்கள். மாத்தர்ஸின் இணைப்பு நீளம், வட்டம் என்ற பழைய ஆட்டப் பிரிவை உடைத்துவிடுவதால் ஏற்கத்தக்கதாக இல்லை. பொது வழக்கு அதைக் காப்பதோடு, முனைப்புள்ள பூதங்களாகக் கருதப்படும் நெருப்பையும் காற்றையும் கறுப்பிலும், ஏற்கும் பூதங்களான நீரையும் நிலத்தையும் சிவப்பிலும் வைக்கிறது. நெருப்பு கறுப்பாகவும் நீர் சிவப்பாகவும் இருப்பது புதியவர்களைக் குழப்பும். நிறத்தைப் பூதத்தின் நிறமாக எண்ணாதவரை சிக்கல் இல்லை.

விளையாட்டுக் கட்டில் குதிரை வீரன் கிடையாது. ஆகவே ஜாக்கி, ஏவலன் குதிரை வீரன் இருவருக்கும் பொதுவாக நிற்கிறது. ஜோக்கரை 'முட்டாள்' சீட்டின் வழித்தோன்றல் என்பது பரவலான தவறு. அது 1860களில் அமெரிக்காவில், யூக்கர் என்ற ஆட்டத்துக்கு உயர்ந்த துருப்பாகச் சேர்க்கப்பட்டது.